தலைப்பாகை இல்லாத வங்காளிகள்

அந்தக் கைகள் இப்போதும் என் கனவில் வருகின்றன. வெள்ளைப் பீங்கான் கைகள். மணிக்கட்டுக்கு மேலே ஒன்றுமில்லை, உடம்பில்லை, முகமில்லை. விரல்கள் தரையைப் பார்க்கத் தொங்கிக்கொண்டு, ஓடும் சங்கிலியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ரப்பர் பாலில் முங்கி எழுந்து, நீளமான அடுப்புக்குள் புகுந்து வெளியே வந்து, நான் நிற்கும் இடத்தை நெருங்கும்போது ஒவ்வொரு கையும் ஒரு தோலைப் போர்த்திக்கொண்டிருக்கும். அந்தத் தோலை உரித்துக் கூடையில் போடுவதுதான் என் வேலை. உரித்ததும் வெறுங்கை நகர்ந்து போகும். சுற்றிவிட்டு மறுபடியும் வரும். கனவில் மட்டும் அவை என்னைக் கடந்து போகாமல் நின்று, எதையோ கேட்பதுபோலத் தொங்கும். எதைக் கேட்கின்றன என்று தெரியாமல் விழித்துக்கொள்வேன்.

மலேசியாவின் கிள்ளானில், காப்பார் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தொழிற்பேட்டையில் இருந்தது அந்தக் கையுறைத் தொழிற்சாலை. தொண்ணூறுகளின் தொடக்கம். உலகம் முழுக்க மருத்துவமனைகளில் கையுறை கேட்கிறார்கள் என்று சொன்னார்கள். நாங்கள் உரிப்பதை எந்த ஊர் டாக்டர் மாட்டிக்கொள்வார், எந்தக் குழந்தையைத் தூக்கி எடுப்பார் என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். கையுறை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவுவார்கள். அது மேலே எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பனிபோல மிதக்கும். ஷிப்ட் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே எங்கள் புருவம், இமை எல்லாம் வெளுத்துவிடும். யார் கிழவி, யார் குமரி என்று தெரியாது. எல்லோரும் ஒரே வயதில், வேறு ஏதோ ஓர் உலகத்தில் நிற்பதுபோல இருக்கும்.

உரிப்பவர்கள் ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும். சங்கிலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எனக்கு எதிரே நின்றவரை நான் எதிரக்கா என்று கூப்பிடுவேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை எண்ணெய் மரம் நட்டதும் வேலை போய் ஊருக்குள் வந்துவிட்டார். “அங்கயும் இதே பாலுதான்டி, இங்கயும் இதே பாலுதான். அங்க வாளில பாத்தேன், இங்க வெரல்ல பாக்குறேன்” என்பார். மின்விசிறி, மெஷின் சத்தத்தில் காது கேட்காது. அதனால் உதட்டாலேயே பேசுவோம். நகர்ந்து போகும் வெள்ளைக் கைகளுக்கு நடுவே அவர் முகம் தெரியும், மறையும், தெரியும். அவர் சொல்லும் கதையும் துண்டு துண்டாகத்தான் வரும். விட்டுப்போன துண்டுகளை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். பல நாள் அவர் சொன்னதைவிட நான் நிரப்பியதே நன்றாக இருக்கும்.

நான் நிரப்புவதில் கெட்டிக்காரி. கெட்டதைக்கூட நன்றாக நிரப்புவேன். கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அவர் வரக் கொஞ்சம் தாமதமானால், எனக்குள் லோரி கவிழ்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாமும் முடிந்திருக்கும். “ஒனக்கு பயப்படறதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுத்தா நாம இந்நேரம் பங்களா கட்டியிருக்கலாம்” என்பார் அவர்.

எல்லாப் பயத்துக்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. மகள் அப்போது மூன்றாம் படிவம், பதினைந்து வயது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு காலையில் என்னைப் பள்ளிக்குப் போகவேண்டாம் என்றார்கள்; அந்தக் காலை அப்படியே இன்றுவரை நீண்டுகொண்டிருக்கிறது. கணவரின் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். என் அடிப்படைச் சம்பளம் மற்றச் செலவுக்கு. மகளின் பள்ளி பஸ், டியூஷன், புத்தகம் எல்லாம் நான் செய்த ஓ.டி.யில்தான் ஓடின. வேலை நேரம் முடிந்த பிறகும் நின்று உரிக்கும் அந்தக் கூடுதல் நேரத்துக்குத்தான் ஓ.டி. என்று பெயர். மகள் படிக்கிறாள் என்றால் நான் ஓ.டி. செய்கிறேன் என்று அர்த்தம். ஓ.டி. நின்றால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அவளோடு படித்த இரண்டு பெண்கள் ஏற்கெனவே எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். புதுச் செருப்பு, புது வாட்ச். மகள் அந்த வாட்சைப் பார்த்த பார்வையை நான் பார்த்திருந்தேன்.

“ம்மா, அவங்க சம்பளம் வாங்குறாங்கம்மா. நான் இன்னும் மேப்புதான் வரைஞ்சிக்கிட்டு இருக்கேன்.”

“வரை. நல்லா வரை” என்றேன்.

அந்த வருடம் உரிக்கும் கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பது என்று பெண்கள் பேசிக்கொண்டோம். கென்டீனில்தான் பேச்சு. எதிரக்காதான் நாள் பார்த்தார்.

“தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கேக்கணும். அப்பதான் மேனேஜருக்கு வயித்த கலக்கும்.”

அது உண்மை. லைனில் நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தைப்பூசத்துக்கு எல்லோரும் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்விடுவோம். சங்கிலியை நினைத்தவுடன் நிறுத்த முடியாது. தொட்டியில் பால் கெட்டுவிடும், அடுப்பு ஆறினால் மறுபடியும் சூடேற ஒரு நாள் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முன்னால் மேனேஜர் கீழே இறங்கி வருவார். அவர் சீனர். மலாயில் கெஞ்சுவார். “பாதிப் பேர் போங்க, பாதிப் பேர் இருங்க லா. டபுள் சம்பளம் தரேன். மதியம் பிரியாணி.” அந்த ஒரு வாரம் மட்டும் நாங்கள் பெரிய மனுஷிகளாக நடப்போம்.

“இந்தத் தடவை பிரியாணி வேணாம்னு சொல்லுவோம். கூலிய ஏத்துன்னு சொல்லுவோம்” என்றார் எதிரக்கா.

“வேணாம்னு நீ சொல்லு. நான் பிரியாணியும் கேப்பேன்” என்றாள் பக்கத்து லைன் பெண் ஒருத்தி.

எல்லாம் பேசி முடித்திருந்தோம். அப்போதுதான் சூப்பர்வைசர் வந்தார். எங்கள் ஆள்தான், தமிழர். கென்டீனில் தண்ணீர் வராது என்று அறிவிப்பதைப்போலவே அதையும் சொன்னார்.

“கேட்டுக்குங்க. அடுத்த வாரம் வங்காளி வராங்க. ஒரு பஸ்ஸு நெறைய.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதைப் படிக்கிற இளம் வயதினருக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் வங்காளி என்றால் தலைப்பாகை கட்டிய சீக்கியரைத்தான் நினைப்போம். பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று யாரும் கேட்டதில்லை. கிள்ளானில் வங்காளி என்றால் பால் மாடு வளர்ப்பவர், அல்லது பேங்க் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் ஜாகா. ஜாகா என்றால் காவலாளி. எங்கள் தொழிற்சாலை கேட்டிலும் வெள்ளைத் தாடியோடு ஒரு சீக்கியர்தான் ஜாகா. எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

“ஒரு பஸ்ஸு நெறையவா? எதுக்குடி இத்தன ஜாகா?”

“தங்கமா செய்யறோம் இங்க? ரப்பரத்தானே செய்யறோம்.”

யாரோ ஒருத்தி, தலைப்பாகையோடு சீக்கியர்கள் வரிசையாக நின்று கையுறை உரிப்பதுபோல நடித்துக் காட்டினாள். தாடி சங்கிலியில் மாட்டிக்கொள்வதுபோல இழுத்தாள். எல்லோரும் சிரித்தோம். எதிரக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“தெரிஞ்சிபோச்சு அவனுங்களுக்கு” என்றார். “நாம கேக்கப்போறது தெரிஞ்சிபோச்சு. அதான் ஆள எறக்குறானுங்க. தோட்டத்துல சண்டைன்னா இப்படித்தான் ஜாகா கொண்டாந்து நிறுத்துவானுங்க. கேட்டப் பூட்டிட்டு நம்மள வெளிய தள்ளப் போறானுங்க.”

எனக்குப் பயப்பட வேறு உதவி தேவையில்லை. அந்தக் கணத்திலேயே கேட் பூட்டப்பட்டு, வெளியே நாங்கள் நிற்க, உள்ளே வெள்ளைக் கைகள் யாரும் இல்லாமல் தானாகச் சுற்றுவது தெரிந்தது. மகள் பள்ளி பஸ்ஸிலிருந்து ஒரேயடியாக இறங்கிவிடுவதும் தெரிந்தது.

போகும்போது கேட்டில் நின்று எதிரக்கா கேட்டார். “அங்கிள், ஒங்காளுங்க ஒரு பஸ்ஸு நெறைய வராங்களாமே?”

அந்தச் சீக்கியர் எழுந்தே நின்றுவிட்டார். “எனக்கு யாரும் சொல்லலியேம்மா! யார் சொன்னா? என் வேலைக்கா?”

அன்றிலிருந்து அவரும் எங்களோடு சேர்ந்து பயந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எங்களுக்கு உறுதியாகிவிட்டது. ஒரு ஜாகாவே பயப்படுகிறார் என்றால் வருகிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. “தைப்பூசம் போகட்டும். பொறவு பாப்போம்” என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம். கூலி உயர்வு அப்படித்தான் ஒரு வார்த்தையில் கரைந்துபோனது.

வந்தார்கள். ஒரு மழைக்காலையில், ஜன்னலெல்லாம் ஆவி படிந்த பஸ் உள்ளே வந்து நின்றது. நாங்கள் லைனை விட்டு எட்டிப் பார்த்தோம். ஒல்லியான பையன்கள் இறங்கினார்கள். கட்டம் போட்ட சட்டை, கையில் ஜிப் பழுதான பை. சிலருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு, கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தலப்பா எங்கடி?” என்றாள் ஒருத்தி.

ஜாகா அங்கிள் அவர்களுக்கு நடுவே போய் நின்று, ஒவ்வொருவராகப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“இது எங்காளு இல்லம்மா! இது பங்களாதேஷ்! அசல் வங்காளி இவங்கதான். நாங்க பஞ்சாபி. நீங்கதான் பொறந்ததுலேருந்து தப்பா கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க!”

எதிரக்காவும் சிரித்தார். கண்ணில் நீர் வந்து, கன்னத்து மாவில் இரண்டு கோடாக இறங்கியது. “ஐயோ, இந்தப் புள்ளைங்களப் பாத்தா பயந்தோம்!” என்றார். அப்புறம் சிரிப்பு மெல்ல நின்றது. ஜாகா வேலைக்கு வரவில்லை என்றால் எந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டு, ஒவ்வொருவராக லைனுக்குத் திரும்பினோம்.

மறுநாள் எதிரக்காவை வேறு லைனுக்கு மாற்றினார்கள். என் எதிரே அந்தப் பையன்களில் ஒருவன். எதிர்த்தம்பி என்று நானே மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். மூன்றே நாளில் உரிக்கப் பழகிவிட்டான். நான் உதட்டால் பேசுவதைப் பார்த்துத் தானும் உதட்டை அசைப்பான். எந்த மொழியில் அசைக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போல நிரப்பிக்கொள்வேன். ஆறு, படகு, ஓலை வீடு, ஒரு தங்கை. அவனுக்குத் தங்கை உண்டா என்றுகூட நான் கேட்டதில்லை.

இடைவேளையில் அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில் என்னைக் ‘காக்கா’ என்பான். மலாயில் அக்கா என்று அர்த்தம்.

“ஏன்டி, அவன் ஒன்ன காக்காங்குறான், நீயும் பறந்து பறந்து சொல்லிக் குடுக்குற!” என்று எதிரக்கா அடுத்த மேசையிலிருந்து கிண்டல் செய்வார். “சொல்லிக் குடு, சொல்லிக் குடு. ஒனக்கே சொல்லிக் குடுப்பான் ஒரு நாளைக்கு.”

ஒருநாள் கென்டீனில் அவன் சீனி இல்லாத தேநீர் கேட்டான். “தே ஓ கோசோங்.” கோசோங் என்றால் ஒன்றுமில்லாதது, வெறுமை. என் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் குனிந்து, “தேத்தண்ணி மட்டுமில்லக்கா, ஆளும் கோசோங்தான்” என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சரியான பெர்மிட் இல்லை. சிலருக்குப் பெர்மிட் இருக்கிறது, ஆனால் ரவாங் பக்கம் ஏதோ தொழிற்சாலைக்கு. அங்கே சம்பளம் தராமல் இழுத்தடித்ததால் ஓடி வந்துவிட்டார்கள். சிலருக்கு அதுவும் இல்லை. பாஸ்போர்ட் ஏஜென்டிடம். ஏஜென்ட் கொடுப்பதுதான் சம்பளம், எதிர்த்துக் கேட்டால் இமிக்ரேசனுக்கு ஒரு போன் போதும், வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். “கேக்க வாயில்லாத ஆளுங்கக்கா. முதலாளிக்கு அதவிட என்னா வேணும்?”

அதே கென்டீனில்தான் நாங்கள் கூலி உயர்வு கேட்கத் திட்டம் போட்டிருந்தோம். வாய் இருந்த நாங்கள் கேட்காமல் விட்டது அப்போது நினைவுக்கு வந்தது.

தைப்பூசம் வந்தது. மேனேஜர் கீழே இறங்கி வரவில்லை. நாங்களே போய்ச் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டோம். “எல்லாரும் போய்ட்டு வாங்க. நல்லா சாமி கும்பிடுங்க” என்றார். கெஞ்சல் இல்லை, டபுள் சம்பளம் இல்லை, பிரியாணி இல்லை. கேட்டவுடன் லீவு. சிலர் சந்தோஷப்பட்டார்கள். என்னை யாரும் தடுக்காத அந்த வழியாக நடந்து கேட்டைத் தாண்டினேன்.

பத்துமலையில் படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். கீழே வெயிலில் கூட்டம். பால்குடத்தைப் பிடித்த கைகள், கும்பிட்ட கைகள், குழந்தையைத் தூக்கிக் காட்டும் கைகள். விபூதி பூசி வெளுத்த கைகள். பறைச்சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. அந்தக் கைகள் எல்லாம் மெதுவாக என்னை நோக்கி நகர்ந்து வருகின்றன, நான் ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும் என்று ஒரு மயக்கம். மகள் என் தோளைத் தொட்டாள். “ம்மா, வழிய மறைக்கிறீங்க.” குகைக்குள்ளே ஈரக்காற்றில் நின்று நான் கேட்டது ஒன்றுதான். ஓ.டி. இருக்கட்டும் முருகா.

போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஞாயிறு ஓ.டி., பிறகு வார நாளிலும் ஒன்று விட்டு ஒன்று, பிறகு எதுவும் இல்லை. எங்களை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடிப்படைச் சம்பளமும் குறையவில்லை, ஏறவும் இல்லை. கடையில் மட்டும் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். என் காலுக்குக் கீழே தரை மட்டும் மெதுவாகத் தாழ்ந்துபோனது.

சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

“நான் என்னக்கா பண்றது? ஒங்களுக்கு ஓ.டி. குடுத்தா வீட்டுக்குப் போக தனி பஸ்ஸு விடணும். அவனுங்க பின்னாடியே ஹாஸ்டல்ல இருக்கானுங்க. விசிலடிச்சா வரானுங்க. அதே ஓ.டி.க்கு ஒங்க காசுல பாதி குடுத்தா போதும்.”

அதற்கு அடுத்த வாரம்தான் எதிர்த்தம்பி அதைக் கேட்டான். ஷிப்ட் முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவன் ஓ.டி.க்கு நிற்கிறான். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டு மலாயில் கேட்டான்.

“காக்கா, நீங்க ஏன் ஓ.டி. செய்யறதில்ல? மாலாஸ் கா?”

மாலாஸ் என்றால் சோம்பல். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“யார் சொன்னா?”

“ஏஜென்ட் சொன்னார். இங்க ஆளுங்க வேலை செய்ய மாட்டாங்களாம். அதனாலதான் எங்கள கூப்பிட்டாங்களாம்.”

“எனக்குக் கிடைக்கல” என்றேன்.

“இருக்கே!” என்று அவன் ஓடிக்கொண்டிருந்த சங்கிலியைக் கை காட்டினான். “தினமும் இருக்கே, காக்கா!”

என் மலாய் அதோடு முடிந்துவிட்டது. நீ வாங்கும் பாதிக் காசால்தான் எனக்கு முழுக் காசு இல்லை என்று எந்த மொழியில் சொல்வது? தமிழிலேயே எனக்கு அது சரியாகச் சொல்ல வராது. சொன்னாலும் அவன் என்ன செய்வான்? பஸ்ஸில் வரும்போது முழுக்க அவனிடம் உதட்டால் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி, “என்னக்கா, மந்திரமா?” என்றாள்.

வீட்டில் மகள் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். நான் சீக்கிரம் வர ஆரம்பித்ததே போதும் அவளுக்கு. டியூஷனை அவளே நிறுத்திவிட்டாள். “பரீட்சை முடியட்டும்மா. அதுக்கப்புறம் நானும் ஃபேக்டரிக்கு வரேன். ரெண்டு பேரும் எதிர் எதிரா நிக்கலாம்.” ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அன்றைக்குக் கனவில் சங்கிலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். மாவு படிந்து, என் வயதில்.

பிறகு ஒரு பிற்பகல். கேட்டுப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. “இமிக்ரேசன்!” என்று யாரோ கத்தினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் என் எதிரே யாருமில்லை. எதிர்த்தம்பியின் துண்டு மட்டும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. பின்கதவு வழியாக ஓடியவர்கள் செம்பனைக் காட்டுக்குள் போனார்கள். முன்பக்கம் இருந்தவர்களை லோரியில் ஏற்றினார்கள். பெர்மிட் இருந்தவர்களும்கூடப் பயத்தில் ஓடிவிட்டார்கள்.

சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கக் கைகளை உரிக்க ஆளில்லை. போர்த்திய தோலோடு அவை அப்படியே சுற்றிப்போய், மறுபடியும் பாலில் முங்கி, இன்னொரு தோலைப் போட்டுக்கொண்டு வந்தன. அடுத்த சுற்றில் இன்னொன்று. கைகள் தடித்துக்கொண்டே போயின. விரல்கள் ஒட்டி, கடைசியில் கையாகவே தெரியவில்லை. மாவுப் பனிக்குள் அவை வருவதைப் பார்க்க ஏதோ ஒரு கதையில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது.

“அக்கா! ரெண்டு பக்கமும் நீங்களே பாத்துக்குங்கக்கா, ப்ளீஸ்!” சூப்பர்வைசர் லைன் லைனாக ஓடினார்.

எதிரக்கா தன் லைனிலிருந்து இறங்கி வந்து என் எதிரே நின்றார். துண்டு தொங்கிய அதே இடத்தில். கையைக் கட்டிக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. இந்த முறை ஒரு துண்டுகூட விட்டுப்போகவில்லை.

“உரிக்காத.”

நானும் கையைக் கட்டினேன். பக்கத்து லைனும் நின்றது. அதற்குப் பக்கத்து லைனும்.

மேனேஜர் இறங்கி வந்தார். எதிரக்கா மலாயில் பேசினார். கூலியை ஏற்ற வேண்டும், எங்கள் ஓ.டி. எங்களுக்குத் திரும்ப வேண்டும்.

மேனேஜர் கோபப்படவில்லை. தடித்துப்போன ஒரு கையைத் தொட்டுப் பார்த்தார். “நீங்க கேக்கிறது நியாயம்தான் லா. ஆனா பக்கத்து ஃபேக்டரி கையுறைப் பெட்டி விலைய கொறைச்சிட்டான். அவன்கிட்ட எல்லாமே வங்காளி. நான் ஒங்களுக்கு ஏத்தினா என் பெட்டிய யார் வாங்குவா? கூலி முடியாது. ஓ.டி. தரேன். ஆள் இல்லாத வரைக்கும் ஓ.டி. எல்லாம் ஒங்களுக்குத்தான்.”

“ஆள் வந்தா?”

அவர் தொட்ட விரலைத் துடைத்துக்கொண்டார். எதிரக்கா என்னைப் பார்த்தார். நான் மகளை நினைத்தேன். அவர் எதை நினைத்தாரோ. இருவரும் கையை அவிழ்த்தோம்.

அந்த மாதம் ஓ.டி. இருந்தது. மகள் டியூஷனுக்குத் திரும்பினாள். துண்டு கம்பியிலேயே கிடந்தது; நான் அதை எடுக்கவில்லை. எதிர்த்தம்பி திரும்பவே இல்லை. பிடிபட்டானா, வேறு எங்கோ உரித்துக்கொண்டிருக்கிறானா, தெரியாது. அவன் திரும்பக் கூடாது என்று வேண்டிக்கொள்ளப் போய், வேண்டாமல் நிறுத்திக்கொள்வேன். பிறகு ஒரு நாள் இன்னொரு பஸ் வந்தது. ஒல்லியான பையன்கள், புது முகங்கள், அதே பைகள். ஜாகா அங்கிள் இந்த முறை சிரிக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஓ.டி. மறுபடியும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டது.

எதிரக்கா வேலையை விட்டார். “எதிர்த்து நிக்க எனக்கு இனிமே தெம்பு இல்லடி” என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்கு வெளியே ஒரு குடையை நட்டுச் சோறும் மீன் குழம்பும் விற்க ஆரம்பித்தார். வாங்கியவர்கள் அந்தப் பையன்கள்தான். ஓ.டி. இல்லாத மாலைகளில் நான் அவருக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். குழம்பில் கடுகெண்ணெய் ஊற்றச் சொல்லிக் கேட்பார்கள். “ஊத்தினா நம்ம வீட்டுக்காரரு துப்பிருவாரு” என்பார் எதிரக்கா. ஆனாலும் ஒரு தனிச் சட்டியில் ஊற்றினார். அவர் கொடுத்ததில் மகளின் பஸ் கட்டணம் வந்தது. என் ஓ.டி. அவர்கள் கைக்குப் போய், குடைக்கு அடியில் பொட்டலமாகி, அதில் ஒரு துண்டு மறுபடியும் என் கைக்கு வந்ததா? நான் யோசித்துக்கொண்டே மடிப்பேன். மடிப்பு கோணலாகிவிடும்.

டியூஷனுக்கு மட்டும் போதவில்லை. பரீட்சை முடிந்த விடுமுறையில் மகள், “கேளுங்கம்மா” என்று நச்சரித்தாள். தட்ட முடியாமல், கால் கூசிக்கொண்டு, சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். மகளுக்கு ஒரு இடம் வேண்டும் என்று என் வாயாலேயே கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “லோக்கல் எடுக்கிறதே இல்லக்கா இப்ப. ஒங்களயே எப்ப பேக்கிங்குக்கு மாத்துவாங்களோ. மன்னிச்சிக்குங்க.”

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வெயில் பளீரென்று இருந்தது. அழுகை வரும் என்று நின்று பார்த்தேன். வந்தது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மகள் நுழைந்துவிடுவாளோ என்று நான் பயந்த ஒரு கதவை, யாரோ எனக்கு முன்னால் வந்து, வேறு காரணத்துக்காகச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

அடுத்த வருடம் பள்ளி திறந்த காலை. பஸ் நிறுத்தத்தில் நானும் மகளும் நின்றோம். அவள் நான்காம் படிவத்து நீலப் பினஃபோர் சீருடையில். பனி இன்னும் விலகவில்லை; எதிர்ப்பக்கக் கடைகள் பாலில் முங்கியதுபோல இருந்தன. முதலில் வந்தது தொழிற்சாலை பஸ். ஒரு காலத்தில் நிற்கக்கூட இடமில்லாமல் வந்த பஸ். மலாய்க்கார டிரைவர் பழக்கத்தில் கதவைத் திறந்து, என்னோடு சேர்த்து அவளையும் பார்த்தார்.

“புதுசா? ஏறச் சொல்லுங்க, இடம் நெறைய இருக்கு. பஸ்ஸே கோசோங் லா.”

“அவ இல்ல” என்றேன்.

நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. மகள் பனிக்குள் நின்று கையை ஆட்டினாள். மாவு படியாத கை. அவளுடைய பஸ் வந்ததா, ஏறினாளா என்று பார்ப்பதற்குள் எங்கள் பஸ் திரும்பிவிட்டது. மாலை வரை அதை நினைத்துப் பயந்துகொண்டே உரித்தேன்.